சூப்பர் ஹீரோக்களுக்கான கலைக்களஞ்சியங்கள் எப்போது தொடங்கின?

இவற்றை ஆரம்பித்துவைத்தது அமெரிக்க காமிக்ஸ் நிறுவனமான மார்வெல்தான் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் மைக்கேல் ஃப்ளைஷர் தொகுத்த பேட்மேன் கலைக்களஞ்சியம் 1976-லேயே வந்துவிட்டது. அதே ஆண்டில் வொண்டர் வுமனுக்கும் ஒன்று வந்தது. இருந்தாலும், இன்று நாம் அறிந்த வடிவத்தைக் கொடுத்தது 1983-இல் மார்வெல் தொடங்கிய கையேடுதான். மார்க் க்ரூன்வால்ட் அதன் தலைமைத் தொகுப்பாளர். மொத்தம் 15 இதழ்கள். இறந்துபோன, கதைகளில் இருந்து ஒதுங்கிவிட்ட பாத்திரங்களுக்கென்றே தனியாக 2 இதழ்கள்!

ஒரு பக்கத்தைப் புரட்டினால் அரசாங்கக் கோப்பு போல இருக்கும்: இயற்பெயர், தொழில், பிறந்த ஊர், உயரம், எடை, கண்ணின் நிறம். ஸ்பைடர்மேன் தூக்கக்கூடியது சுமார் 10 டன். தோரும் ஹல்க்கும் 100 டன்னுக்கு மேல். கற்பனை ஆளுக்கு இவ்வளவு கறாரான கணக்கா என்று சிரிப்பு வரும். ஆனால் யார் பலசாலி என்று மல்லுக்கட்டும் வாசகனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மார்வெலின் போட்டி நிறுவனமான டிசி 1985-இல் தன் பாத்திரங்களுக்கு 26 இதழ்த் தொடர் ஒன்றைத் தொடங்கியது. அதில் எண்களைவிட ஓவியங்களுக்கே மவுசு. 1990-இல் இரு நிறுவனங்களும் கோப்பில் கோக்கும் தனித்தாள்களுக்கு மாறின. புதிய பாத்திரம் வந்தால் அதன் தாளை இடையில் செருகிக்கொள்ளலாம்.