சாக்கடைக் குழுவில் ஒரு பாரிஸ்டர்

அன்புள்ள ஐயா,

போன மாதம் வல்லபாய் படேலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பர்தோலி விவசாயிகள் போராட்டம், சமஸ்தானங்களின் இணைப்பு என்று விரிவாகப் போன கட்டுரையில், ‘நடுவில் சில காலம் அகமதாபாத் நகராட்சியிலும் இருந்தார்’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் வேண்டியிருந்தது.

நான் ஒரு தாலுகா நீதிமன்றத்தில் ஒன்பது வருடமாகத் தொழில் செய்கிறேன். பெரும்பாலும் சிவில், கொஞ்சம் குடும்ப வழக்குகள். எங்கள் நகராட்சியின் வார்டு குழுவில் சேரச் சொல்லிக் கவுன்சிலர் கேட்கிறார். நூலக வாசகர் வட்டத்திலும் கூப்பிடுகிறார்கள். சீனியரிடம் சொன்னேன். “சாக்கடை அடைச்சா பேசறதுக்கு வக்கீல் எதுக்கும்மா? நீ அரசியலுக்குப் போயிட்டேன்னு வழக்குக் கொடுக்கற கட்சிக்காரங்க வேற ஆபீஸ் பார்த்துப்பாங்க” என்றார். என் நல்லதுக்குத்தான் சொல்கிறார் என்று தெரியும். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

படேல் அங்கே உட்கார்ந்து என்ன செய்தார்? வக்கீலாக இருந்தது அவருக்கு அங்கே உதவியதா? தொழில் கெட்டதா?

என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள வழக்கறிஞருக்கு,

உங்கள் கடிதம் வந்ததும் பழைய கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. 1917-லிருந்து 1928 வரை, நடுவில் இரண்டு வருட இடைவெளியோடு, அவர் செய்த வேலையை ஒரு வரியில் அடைத்திருக்கிறேன். அந்த வருடங்கள் இல்லாமல் பர்தோலி இல்லை என்பது என் எண்ணம். இந்தப் பதிலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் சீனியர் கேட்டதிலிருந்தே தொடங்கலாம். சாக்கடைக்கு வக்கீல் எதற்கு? நகராட்சிக்குள் போன அந்த 1917-லேயே படேலுக்குக் கிடைத்த பொறுப்பு சுகாதாரக் குழுவின் தலைமை. சுகாதாரக் குழு என்றால் சாக்கடை, குப்பை, கக்கூஸ், கொள்ளைநோய். அதில் போய் உட்கார்ந்தவர் அப்போது ஊரில் பேர் பெற்ற கிரிமினல் வக்கீல்.

குஜராத்தின் சின்ன ஊர்களான கோத்ராவிலும் போர்சத்திலும் பிளீடராக, அதாவது உள்ளூர் வக்கீலாக இருந்து, குறுக்கு விசாரணையில் பேர் வாங்கி, பாரிஸ்டர் படிப்புக்கு லண்டன் போகப் பணம் சேர்த்தவர் அவர். அந்தப் பயணத்துக்கான கடிதம் ‘வி. ஜே. படேல்’ என்ற பெயருக்கு வந்தது. அண்ணன் விட்டல்பாயும் வக்கீல், அவருக்கும் அதே இனிஷியல். கடிதம் அண்ணன் கைக்குப் போய்விட, நான் மூத்தவன், முதலில் நான் போகிறேன் என்றார். தம்பி விட்டுக்கொடுத்து, செலவுக்குப் பணமும் கொடுத்தார். தன் முறை வரப் பல வருடம் காத்திருந்து 1910-ல் லண்டனில் பாரிஸ்டர் படிப்பு நடக்கும் மிடில் டெம்பிளில் சேர்ந்தார். 36 மாதப் படிப்பை 30 மாதத்தில் முடித்து 1913-ல் அகமதாபாத் திரும்பினார். நல்ல சூட்டு, நல்ல வருமானம், மாலையானால் குஜராத் கிளப்பில் சீட்டாட்டம். 1916-ல் காந்தி அந்தக் கிளப்புக்குப் பேச வந்தபோது படேல் சீட்டுக்கட்டை விட்டு எழுந்திருக்கவில்லை.

அப்படிப்பட்டவர் தரியாபூர் வார்டில் இடைத்தேர்தலில் நின்று ஒரே ஒரு வாக்கில் ஜெயித்தார். அந்த ஒரு வாக்கைப் போட்டவர் யாரோ, அவருக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அதே வருடம் ஊரில் பிளேக் வந்தது. பள்ளிக்கூடங்கள் மூடின, கோர்ட்டு மூடியது, வசதி இருந்தவர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். சுகாதாரக் குழுத் தலைவர் போகவில்லை. தெருத் தெருவாக நடந்து சாக்கடை சுத்தமாகிறதா, மருந்து தெளிக்கிறார்களா என்று நின்று பார்த்தார். இந்தப் பகுதியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். வீரம் தெரிகிற பகுதி என்பதால் சொல்கிறார்கள். ஆனால் நீங்கள் கேட்டது வக்கீல் தொழில் அங்கே எதற்கு உதவியது என்று. அதற்குப் பதில் தெருவில் கிடைக்காது, கோப்பில்தான் கிடைக்கும்.

அப்போது நகராட்சியின் நிர்வாகம் கமிஷனரான ஷில்லிடி என்ற ஐ.சி.எஸ். அதிகாரியின் கையில் இருந்தது. உறுப்பினர்கள் கூட்டத்துக்கு வருவார்கள், பேசுவார்கள், போவார்கள். கமிஷனர் தன் போக்கில் நடப்பார். படேல் அவரை மேடை போட்டுத் திட்டவில்லை. சபை என்ன தீர்மானித்தது, அதிகாரி என்ன செய்தார், சட்டம் அவருக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறது என்று கோப்புகளை வைத்தே காட்டினார். கடைசியில் ஷில்லிடி மாற்றப்பட்டார். சாட்சியைக் கூண்டில் ஏற்றி, அவர் கொடுத்த வாக்குமூலத்தை வைத்தே அவரைக் கேட்பீர்கள் இல்லையா? அதே வேலைதான் இது. கோபம் வேண்டிய அளவு இருந்தது, அதைத் தாளில் எழுதத் தெரிந்திருந்தது.

பெண்கள் நகராட்சித் தேர்தலில் நிற்க முடியாதபடி அப்போது சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. அதை நீக்க வேண்டும் என்று 1919-ல் அவர் தீர்மானம் கொண்டுவந்தார். எந்தப் பிரிவு தடுக்கிறது என்று பார்த்து அந்தப் பிரிவை எடுக்கச் சொல்வதற்கு ஒரு வக்கீலின் கண் வேண்டும். இன்றைக்கு உங்களை ஒரு குழுவுக்குக் கூப்பிடுகிறார்கள். அதற்கு நூறு வருடம் முன்னால் இப்படி ஒரு நகராட்சிக் கூட்டத்தில் ஒரு வரியை அடிக்கச் சொன்னவர்களும் காரணம்.

அப்புறம் பள்ளிக்கூட விவகாரம். ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியதும் நகராட்சி தன் பள்ளிகளுக்கு அரசு மானியம் வேண்டாம், அரசு ஆய்வாளர்களும் வர வேண்டாம் என்று முடிவெடுத்தது. 1922-ல் அரசு நகராட்சியையே கலைத்தது. பள்ளிகளுக்குச் செலவழித்த பணத்தைக் கவுன்சிலர்கள் கைக்காசாகக் கட்ட வேண்டும் என்று வழக்கும் போட்டது. வழக்கு நிற்கவில்லை. அந்தச் சபையில் சட்டம் தெரிந்தவர்கள் உட்காராமல் இருந்திருந்தால் அத்தனை உறுப்பினர்களின் வீடும் ஏலத்துக்குப் போயிருக்கலாம்.

1924-ல் மறுபடி தேர்தல், படேல் நகராட்சித் தலைவர் ஆனார். அந்த வருடத்தை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்ப்பாக இருக்கும். கல்கத்தாவின் மேயர் சித்தரஞ்சன் தாஸ், பாட்னா நகராட்சித் தலைவர் ராஜேந்திர பிரசாத், அலகாபாத்தில் முந்தைய வருடமே தலைவராகிவிட்ட ஜவாஹர்லால் நேரு, அகமதாபாத்தில் படேல். எல்லோரும் வக்கீல்கள். சுதந்திர இந்தியாவின் முதல் குடியரசுத் தலைவரும் முதல் பிரதமரும் துணைப் பிரதமரும் ஒரே நேரத்தில் மூன்று ஊர்களின் குழாயையும் குப்பையையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்! நம் பக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1900-லிருந்து சேலத்தில் வக்கீல் தொழில் செய்த ராஜாஜி, 1917-ல் அந்த ஊர் நகராட்சித் தலைவர் ஆனார். படேல் அகமதாபாத்தில் நுழைந்த அதே வருடம்.

இவர்களில் பிரசாத்தும் நேருவும் சீக்கிரமே விலகிவிட்டார்கள். அதற்காக நான் அவர்களைக் குறைவாக நினைக்கவில்லை. ஆனால் படேல் நான்கு வருடம் தலைவர் நாற்காலியில் தங்கினார். அந்தத் தங்கலில்தான் வரி எப்படிப் போடப்படுகிறது, யாரிடமிருந்து வருகிறது, ஒரு பொறியாளரின் மதிப்பீட்டை எப்படிப் படிப்பது, கீழ்நிலை ஊழியன் எப்போது உண்மை பேசுவான் என்பதெல்லாம் அவருக்குப் பழகியது. 1927-ல் குஜராத்தில் பெருவெள்ளம் வந்தபோது நிவாரண வேலையை நடத்த முடிந்ததும் இந்தப் பழக்கத்தால்தான். 1928-ல் நகராட்சிப் பதவியை விட்டார். அதே வருடம்தான் பர்தோலிப் போராட்டமும். அங்கே பிரச்சினை என்ன? நிலவரி உயர்வு. நில வரியைக் கணக்குப் போட்டவர்கள் கிராமத்துக்குள் ஒழுங்காகப் போய்ப் பார்க்கவே இல்லை என்பதுதான் விவசாயிகளின் வாதம். ஒரு நகராட்சியில் வரிப் பட்டியலோடு மல்லுக்கட்டியவருக்கு இது புரிய எவ்வளவு நேரம் ஆகும்? போராட்டம் முடிந்து புரூம்ஃபீல்ட், மேக்ஸ்வெல் என்ற இரண்டு அதிகாரிகள் விசாரித்தார்கள். விவசாயிகளுக்காக வாதாடியவர் பம்பாய் வக்கீல் பூலாபாய் தேசாய். அரசு கேட்டது சுமார் 22 சதவீத உயர்வு. விசாரணையில் நின்றது 6 சதவீதத்தை ஒட்டி.

இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும், இவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கணேஷ் வாசுதேவ் மாவலங்கர். அகமதாபாத் வக்கீல். 1919-லிருந்து நகராட்சி உறுப்பினர், பிறகு இரண்டு முறை தலைவர். 1952-ல் முதல் மக்களவையின் சபாநாயகர். படேலின் அண்ணன் விட்டல்பாயும் பம்பாய் மாநகராட்சித் தலைவராக இருந்துவிட்டுத்தான் 1925-ல் மத்திய சட்டசபையின் தலைவரானார். யாருக்கு எப்போது பேச உரிமை, எந்தத் திருத்தம் முதலில் வாக்குக்கு வரும், கோரம், அதாவது கூட்டத்துக்குத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள், இல்லாவிட்டால் என்ன என்பதையெல்லாம் இவர்கள் பழகியது குழாய்வரி பற்றிய கூட்டங்களில். நம் நாடாளுமன்றத்தின் ஒழுங்குக்கு ஒரு வேர் நகராட்சிக் கூடத்தில் இருக்கிறது.

சரி, உங்கள் ஊருக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் ஒரு சிவில் வக்கீல் இருந்தார். இப்போது உயிரோடு இல்லை. நூலகக் கட்டடம் ஒழுகியது. நாங்கள் கையெழுத்து வாங்கினோம், மனுக் கொடுத்தோம், இரண்டு மழைக்காலம் போனது. பணம் இல்லை என்ற பதில்தான் வந்தது. ஒருநாள் அவர் தன் வீட்டுச் சொத்துவரி ரசீதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கிறது இல்லையா, அதில் விரலை வைத்தார். 1948-லேயே சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது, சொத்துவரியோடு நூலகத்துக்கென்று தனியாக வசூலிக்கிறார்கள், அதை உள்ளாட்சி அமைப்பு மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுத்தாக வேண்டும் என்று விளக்கினார். வருட வாரியாக எவ்வளவு வசூல், எவ்வளவு அனுப்பினீர்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. பத்து ரூபாய்ச் செலவு. வந்த பதிலில் வசூலுக்கும் அனுப்பியதற்கும் பெரிய இடைவெளி. அந்தத் தாளோடு போய்ப் பேசினோம், அடுத்த மழைக்கு முன்னால் கூரை சரியானது. நாங்கள் அத்தனை பேரும் வருடா வருடம் அதே ரசீதை வாங்கி மடித்து வைத்தவர்கள்தான். படித்தவர் அவர் ஒருவர்.

தொழில் கெடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். படேல் 1920 வாக்கில் தொழிலை விட்டது ஒத்துழையாமைக்காக, நகராட்சிக்காக இல்லை. அதற்கு முன் மூன்று வருடம் இரண்டையும் சேர்த்தே பார்த்தார். ஆனால் அவர் காலத்தை உங்களுக்கு அளவுகோலாக வைக்க மாட்டேன். உங்களுக்கு மாலை நேரம் போகும், அது நிச்சயம். ஆகவே வார்டு குழு, வாசகர் வட்டம் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் தலையாட்ட வேண்டாம். முதல் வருடம் ஒன்று போதும்.

இன்னொன்று உங்களுக்கே தெரிந்திருக்கும், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு நிறுவனத்தின், சங்கத்தின், கார்ப்பரேஷனின் செயற்குழுவில் இருக்கும் வழக்கறிஞர் அந்த அமைப்புக்காகவோ அதற்கு எதிராகவோ ஆஜராகக் கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது. வார்டு குழு அந்த ‘செயற்குழு’ என்ற சொல்லுக்குள் வருமா என்று வாதம் செய்ய இடம் இருக்கலாம். நீங்கள் அந்த வாதத்துக்கே போகாதீர்கள். நகராட்சி சம்பந்தப்பட்ட எந்த வக்காலத்தையும், கட்டட அனுமதி வழக்கு உட்பட, குழுவில் இருக்கும்வரை எடுக்க மாட்டேன் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லி மினிட்ஸில், அதாவது கூட்ட நடவடிக்கைக் குறிப்பில், ஏற்றச் சொல்லுங்கள். கொஞ்சம் ஃபீஸ் போகும். ஒரு சின்ன ஊர் சிவில் வக்கீலுக்கு அது சின்னத் தொகை இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், ஏனென்றால் உங்கள் சீனியர் பயப்படுகிற பேச்சு இந்த ஒரு ஓட்டை வழியாகத்தான் வரும்.

சீனியரிடம் வாதாட வேண்டாம். அவர் உங்கள் ஆபீஸைப் பற்றிக் கவலைப்படுகிறார், அது அவர் கடமை. படேலும் சுகாதாரக் குழுவில்தான் தொடங்கினார் என்று மட்டும் ஒரு நல்ல நேரத்தில் சொல்லிப் பாருங்கள்.

வார்டு குழுவுக்குப் போவதாக முடிவெடுத்தால், முதல் கூட்டத்துக்கு முன்னால் பழைய மினிட்ஸ் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் பக்கத்தில் நடந்ததா, நடக்கவில்லையா, தேதி என்ன என்று பென்சிலால் ஒரு தாளில் குறியுங்கள். கூட்டத்தில் அன்றைக்குப் பேசக்கூட வேண்டாம். அந்தத் தாளில் என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள். உங்கள் ஊர்ச் சாக்கடையைப் பற்றிப் படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்.