ஒடிவது ஸ்டட், கோளாறு எங்கே?

எங்க பழைய ஜீப் கொல்லிமலைக்கு மிளகு மூட்டை ஏத்த ஓடுதுங்க. ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்சில், அதாவது வண்டி எடையை வெளி உறை தாங்கும், உள்ளே இருக்கிற ஆக்சில் சக்கரத்தைச் சுத்த மட்டும் செய்யும். பின்னால இடது பக்கம், ஆக்சிலை ஹப்போட (சக்கரத்தோட நடுக் குடம்) சேர்க்கிற ஸ்டட், அந்த மரை போட்ட கம்பி மட்டும் ஒடிஞ்சுட்டே இருக்குது. வலு கூடுன 10.9 கிரேடு போட்டும் நிக்கலைங்க.
— செம்மேடு வாசகர்

எப்போதும் ஒரே பக்கம் என்றால் ஸ்டட்டை விட்டுவிட்டு அந்தப் பக்கத்து ஹப்பைப் பாருங்கள். இழுவையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் ஆக்சில் ஃபிளாஞ்சும் (ஆக்சில் முனையில் உள்ள வட்டத் தட்டு) ஹப்பும் இறுகிப் பிடிக்கும் உராய்வுதான். ஸ்டட் அந்த இறுக்கத்தைக் காக்கிறது. அந்த இறுக்கம் கொஞ்சம் விட்டாலும், 70 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது ஒரு பக்கமாகவும், எஞ்சின் பிரேக்கில் இறங்கும்போது மறுபக்கமாகவும் ஃபிளாஞ்ச் நழுவும். ஸ்டட் வளைந்து வளைந்து சோர்ந்து ஒடியும். கிரேடைக் கூட்டினால் ஒடிவது சில நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

ஒடிந்த துண்டைத் தூக்கி எறியாதீர்கள். முறிந்த முகத்தில் சிப்பி ஓடு மாதிரி வழுவழுப்பான வளையங்களும் ஓரத்தில் கொஞ்சம் சொரசொரப்பும் இருந்தால், அது தளர்ந்து ஓடி மெல்ல விரிந்த விரிசல். கழுத்து நீண்டு மெலிந்திருந்தால் யாரோ அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார்கள்.

அப்புறம் ஜாக்கி வைத்துச் சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். பேரிங்கில் ஆட்டம் இருந்தால் ஹப் தள்ளாடும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்டட்டை இழுக்கும். ஆயில் சீல் கசிகிறதா, ஃபிளாஞ்ச் முகத்தில் பெயின்ட், துரு, தடிமனான பேக்கிங் (இடையில் வைக்கும் கேஸ்கெட்) இருக்கிறதா என்றும் பாருங்கள். பேக்கிங் நசுங்க நசுங்க இறுக்கம் போய்விடும். ஹப்பில் ஸ்டட் துளை நீள்வட்டமாகியிருந்தால் எந்த ஸ்டட்டும் நிற்காது. அந்தப் பக்கத்து டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் ஹவுசிங் (ஆக்சிலின் வெளி உறை) வளைந்திருக்கலாம். லேத் பட்டறையில் காட்டுங்கள்.

மாற்றும்போது அந்தப் பக்கத்து எல்லா ஸ்டட்டையும் மாற்றுங்கள். மிச்சமிருப்பவையும் அடி வாங்கியவைதான்.

மஹிந்திரா தார் வண்டிக்குப் பெரிய டயர், ஸ்பேசர் (சக்கரத்தை வெளியே தள்ளி வைக்கிற தட்டு), அலாய் வீல் போட்டேன். வால்பாறை போய் வந்ததும் பின் வீல் ஸ்டட் ரெண்டு காணோம் அண்ணா.
— பொள்ளாச்சி வாசகர்

முதலில் நட்டைப் பாருங்கள் தம்பி. கூம்பு வடிவ இருக்கைக்கு உருண்டை நட் போட்டால் ஓரத்தில் மட்டும்தான் பிடிக்கும், சீக்கிரம் தளரும். ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு நீளமாவது நட் மரைக்குள் ஏற வேண்டும். ஸ்பேசரைக் கழற்றிவிடுங்கள் என்பேன், கேட்பீர்களா தெரியவில்லை. வைத்தே தீருவேன் என்றால், உள்ளே ஸ்பேசரை இறுக்கும் நட்டுகளையும் டார்க் ரெஞ்சில் (முறுக்கு விசையை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) சரிபாருங்கள். மாட்டி 50–100 கி.மீ. ஓடியதும் எல்லாவற்றையும் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும்.

மரைக்கு ஆயில் விடலாமுங்களா?
— சென்னிமலை வாசகர்

வண்டிப் புத்தகம் சொன்னாலொழிய வேண்டாம். ஆயில் பட்ட மரையில் அதே டார்க் (முறுக்கு விசை) ஸ்டட்டை அதிகமாக இழுத்துவிடும். பஞ்சர் கடையில் ஏர் கன்னில் முறுக்கினால் பாதியில் நிறுத்தச் சொல்லி, மீதியைக் கையால் முறுக்குங்கள்.

வில்லிஸ் ஜீப்பில் இடது பக்க நட் கழலவே மாட்டேங்குது.
— அந்தியூர் வாசகர்

அந்தக் கால வில்லிஸில் இடது பக்கம் இடது மரை. வலப்பக்கம் திருப்புங்கள், கழலும். குழாய் மாட்டி எதிர்ப்பக்கம் நெம்பினால் ஸ்டட்தான் ஒடியும்.