நசுக்கிய மீனின் சாற்றை ஊற்றியும், அந்த வாடைக்கு உங்கள் குளத்துக் கெண்டைக்குஞ்சு சிதறவில்லையா?

குஞ்சுகளுக்குப் பயம் விட்டுப்போகவில்லை, மூக்குத்தான் மரத்திருக்கிறது. அடிபட்ட கெண்டையின் தோலிலிருந்து கசிவதை மணந்துதான் மற்றவை ஓடும்.

பாசிக்கு மயில்துத்தம் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். என் சந்தேகம் அதில்தான். அதிலுள்ள செம்பு லீற்றருக்குச் சில மைக்ரோகிராம் இருந்தாலே, சில மணி நேரத்தில் மோப்ப நரம்பைக் கெடுக்கும். மீன் சாகாது, நீந்தும். விரால் கிட்ட வந்தாலும் வாடை பிடிக்காது.

பத்துக் குஞ்சுகளைக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு வாரம் விட்டு (பித்தளைக் குடத்தில் அள்ளாதீர்கள்), அதே சாற்றை ஊற்றுங்கள். திடுக்கிட்டு அடியில் ஒட்டிக்கொண்டால் குளத்துத் தண்ணீர்தான் காரணம்.

ஆனால் உங்கள் குளத்துக்குச் சம்மாந்துறை வயல் வாய்க்கால் நீரும் வருகிறதே. சில கிருமிநாசினிகளும் இதையே செய்யும். இந்தச் சோதனை இரண்டையும் பிரித்துக் காட்டாது.