மோசின்-நாகன்ட் 91/30 ரைபிள்: போல்ட்டை (தோட்டா அறையை மூடும் உருளை) மூடினால் காக்கிங் பீஸ் நிற்காமல் நழுவுகிறதா?

முதலில் சியரை, அதாவது காக்கிங் பீஸைப் பிடித்து நிறுத்தும் முனையை, அரத்தால் தேய்க்காதீர்கள். போல்ட்டின் பின்முனையில் இருக்கும் காக்கிங் பீஸ் சில நேரம் சியரில் பிடிபடாமல் முன்னால் போய்விடுகிறது, ட்ரிகர் வேறு லொடலொடவென்று ஆடுகிறது என்கிறீர்கள். ஆட்டம் பழுதே இல்லை. இந்த மாடலில் ட்ரிகருக்கென்று தனி ஸ்பிரிங் கிடையாது.

நழுவுவதற்குக் காரணம் பெரும்பாலும் காஸ்மோலின்தான், அதாவது துருப்பிடிக்காமல் இருக்கப் பூசும் கெட்டி மசகு. கிடங்கில் பல வருஷம் கிடந்து மெழுகுபோல இறுகிவிட்டால் சியரை முழுதாக மேலே எழவிடாது. துப்பாக்கி காலியா என்று தோட்டா அறைக்குள் பார்த்துவிட்டு, மரக்கட்டையைக் கழற்றி, சியரோடு ஒரே துண்டாக இருக்கும் பட்டை ஸ்பிரிங்கை எடுத்து மண்ணெண்ணெயில் ஊறவையுங்கள். அதைப் பிடித்திருப்பது ஒரே ஒரு ஸ்க்ரூ. அது தளர்ந்திருந்தாலும் இதே தொல்லைதான். மாட்டியபின், தோட்டா இல்லாமல் போல்ட்டை 20 முறை வேகமாக மூடிப் பாருங்கள்.

அப்புறமும் ஒரு தடவை நழுவினால்கூட சுடப் போகாதீர்கள். சியர் முனை தேய்ந்திருக்கலாம். துப்பாக்கி பழுதுபார்ப்பவர் பார்க்கட்டும்.