இசை மின்னணு கிட்: கேள்வி பதில்

பாளையங்கோட்டை: பத்து வயது மகளுக்கு இசை உண்டாக்கும் மின்னணு கிட் வாங்க ஆசை. எப்படிப்பட்டது நல்லது?

சால்டரிங் (ஈயத்தை உருக்கிப் பற்றவைப்பது) தேவைப்படாத வகையாகப் பாருங்கள். 2013இல் கோர்க் நிறுவனமும் லிட்டில்பிட்ஸும் சேர்ந்து வெளியிட்ட சின்த் (மின்னணு முறையில் இசை ஒலி உண்டாக்கும் கருவி) கிட் நல்ல முன்மாதிரி. காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் 12 துண்டுகள். ஆசிலேட்டர் ஒலியைப் பிறப்பிக்கும், ஃபில்டர் அதன் கூர்மையைக் குறைக்கும், என்வலப் அது எழுந்து அடங்கும் விதத்தை அமைக்கும். எந்த கிட் வாங்கினாலும் முதலில் ஆசிலேட்டரையும் ஸ்பீக்கரையும் மட்டும் குழந்தையிடம் கொடுங்கள். அந்த ஒரு ஒலி காதில் பதிந்த பிறகு அடுத்த துண்டு. கீபோர்டு துண்டு கடைசியில்.

அம்பாசமுத்திரம்: கல்லூரி மாணவன். கிட் வாங்கப் பணமில்லை.

தம்பி, 40106 என்ற ஐ.சி. (சில்லு) ஒன்று வாங்குங்கள். அதற்குள் ஆறு ஆசிலேட்டர்கள் காத்திருக்கின்றன. பிரெட்போர்டில் (சால்டரிங் இல்லாமல் இணைக்க உதவும் துளைப் பலகை) செருகி, 14ஆம் காலுக்கு 9 வோல்ட் பேட்டரியின் பாசிட்டிவ், 7ஆம் காலுக்கு நெகட்டிவ். 1ஆம் காலுக்கும் 2ஆம் காலுக்கும் நடுவே 100 கிலோ ஓம் ரெசிஸ்டர். 1ஆம் காலிலிருந்து நெகட்டிவுக்கு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸ் ஒலி கிடைக்கும். 10 கிலோ ஓம் போட்டால் அது பத்து மடங்கு உயரும். பயன்படுத்தாத 3, 5, 9, 11, 13 ஆகிய கால்களை நெகட்டிவோடு இணைத்துவிடுங்கள். அந்தரத்தில் விட்டால் ஐ.சி. தாறுமாறாக நடக்கும். 2ஆம் காலிலிருந்து வரும் ஒலியை எல்.எம்.386 ஆம்ப்ளிஃபயர் வழியாகவே ஸ்பீக்கருக்குக் கொடுங்கள். இயர்போனை நேரே மாட்டாதீர்கள், காது கெட்டுவிடும். பேட்டரி முனையை மாற்றிக் கொடுத்தால் ஐ.சி. போய்விடும்.

களக்காடு: பேட்டரி சீக்கிரம் தீர்கிறது. வீட்டு மின்சாரத்தை ஒரு ரெசிஸ்டர் போட்டுக் குறைத்துக் கொடுக்கலாமா?

கூடவே கூடாது. உயிர் போகும். 9 வோல்ட் டி.சி. அடாப்டர் வாங்குங்கள். அதிலும் முனைகளைச் சோதித்த பிறகே இணையுங்கள்.

மேலப்பாளையம்: எந்த கிட் வாங்கலாம்?

முதல் பதிலைப் படியுங்கள்.

திருநெல்வேலி டவுன்: நாதசுவரம் பயில்கிறேன். இந்தப் பெட்டிகளில் சுவரத்தை அசைத்து இசைக்கும் கமகம் வராது. சுவரங்களைக் கட்டம் கட்டி வைத்த கருவியில் நம் இசை எப்படி நிற்கும்?

கட்டம் கட்டுவது கீபோர்டு, ஆசிலேட்டர் அல்ல. துண்டு துண்டாக இணைக்கும் பல மாடுலர் கருவிகளில் ஒரு ஸ்தாயிக்கு 1 வோல்ட் என்பது கணக்கு. அடுத்தடுத்த இரண்டு சுவரத்தானங்களுக்கு இடையே ஏறக்குறைய 83 மில்லிவோல்ட். அந்த இடைவெளி முழுவதும் திறந்தே கிடக்கிறது. 40106இல் ரெசிஸ்டர் இருக்கும் இடத்தில் எல்.டி.ஆர். (ஒளிக்கேற்ப மின்தடை மாறும் பாகம்) போட்டுக் கையால் நிழல் காட்டினால் ஒலி வழுக்கிக்கொண்டே போகும்.

அவரே மீண்டும்: வழுக்குவது கமகம் ஆகுமா? தோடி ராகத்தின் காந்தாரத்தை அசைத்துக் காட்டுங்கள்.

நியாயமான சவால். எல்.டி.ஆரால் அது முடியாது. ஒளி மாறிய பிறகே மெதுவாக மாறும் பொருள் அது. வேகமான கம்பிதத்தை (சுவர அசைவை) மழுங்கடித்துவிடும். ஸ்லைடர் பாட் (நகர்த்தி மின்தடையை மாற்றும் பாகம்) போட்டு விரலால் அசையுங்கள், உடனுக்குடன் பேசும். ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே எங்கே தொட்டு எங்கே திரும்புவது என்பதை உங்கள் காதுதான் சொல்ல வேண்டும். பிள்ளைகள் வெறும் கீபோர்டு துண்டில் பழகினால் அந்தக் காது வளராது என்ற கவலை எனக்கும் உண்டு. அதனால்தான் கீபோர்டு துண்டைக் கடைசியில் கொடுக்கச் சொல்கிறேன்.

வள்ளியூர்: கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக்கு இதைச் சேர்க்கலாமா?

குடத்துக்கும் உடுக்கைக்கும் மாற்றாக வேண்டவே வேண்டாம். சுருதிக்கு வைக்கலாம் என்றால், 40106 சுருதி பேட்டரி இறங்க இறங்க நகரும், வெயிலிலும் நகரும். விடியவிடியப் பாடுகிறவர் அதை நம்பி உட்காரக் கூடாது.

வீரவநல்லூர்: மாற்றாக ஏன் கூடாது? காலம் மாறுகிறதே.

குடத்தின் வாயில் அடிக்கும் அடி ஒவ்வொன்றும் வேறு. மாறாத ஒரே அடியைத் திருப்பித் தரும் சீக்வென்சர் பாட்டுக்காரரின் மூச்சுக்காக நிற்காது. புதிய பாட்டுக்கு அதை வையுங்கள், மகிழ்ச்சியாகக் கேட்பேன்.

ஏர்வாடி: எந்த கிட் மலிவு?

இரண்டாம் பதில்.

பேட்டை: 40106 தொட்டால் சுடுகிறது, ஒலி இல்லை.

பேட்டரியை உடனே கழற்றுங்கள். முனை மாறியிருக்கும். வேறு ஐ.சி. வாங்கி, 14ஆம் கால் எது என்று பார்த்துச் செருகுங்கள்.