மேசைக்கணினிப் பிராசஸர் மடிக்கணினியில் வரப்போகிறதாமே, அதற்காகக் காத்திருக்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: மேசைக்கணினிகளுக்காக வரவிருக்கும் புதிய பிராசஸரை மடிக்கணினிகளிலும் வைக்கப் போவதாகச் செய்திகள் உலவுகின்றன, கடையில் இப்போது இருப்பதை வாங்குவதா, அது வரும்வரை பொறுப்பதா? நீங்கள் வீடியோ வேலையோ முப்பரிமாண வேலையோ செய்பவர் என்றும், சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் ஓர் அறையைத் தம்பி தங்கையோடு பகிர்ந்துகொள்பவர் என்றும் எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். மின்னஞ்சலும் பாடக் குறிப்புகளும்தான் வேலை என்றால் இந்தக் கேள்வியே உங்களுக்கு எழுந்திருக்காது.

காத்திருக்க வேண்டாம் என்பதே என் பதில். ஊகம் பொய்யாகப் போய்விடும் என்பதால் சொல்லவில்லை. பெரும்பாலும் அது ஏதோ ஒரு வடிவில் மெய்யாகத்தான் முடியும். ஆனால் இந்த வகைச் செய்திகள் மடிக்கணினிக்குள் எந்தச் சில்லு, அதாவது எந்தப் பிராசஸர், போகிறது என்பதைப் பற்றி மட்டுமே பேசும். அந்தச் சில்லு உண்டாக்கும் சூடு எந்த வழியாக வெளியே வரும் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. உங்கள் வேலை எத்தனை நிமிடத்தில் முடியும் என்பதை முடிவு செய்வது அந்த இரண்டாவது விஷயம்தான்.

நான் பொறியியல் படித்தவன் அல்லன். சிங்கப்பூரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கல்யாண வீடியோ எடுத்துத் தொகுத்துக் கொடுத்துப் பிழைப்பு நடத்துகிறவன். வெப்பவியல் படித்தவர்கள் என் சொற்களில் குறை காணலாம். நான் சொல்லும் நடைமுறையில் குறை காண்பது கடினம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அதை வியர்வையோடு கற்றுக்கொண்டேன்.

2003, 2004 வாக்கில், மேசைக்கணினிப் பிராசஸரை அப்படியே எடுத்துப் பொருத்திய மடிக்கணினிகள் சந்தையில் தாராளமாகக் கிடைத்தன. ‘மேசைக்கணினிக்கு மாற்று’ என்று சொல்லி விற்றார்கள். எங்கள் குழுவும் அப்படிப்பட்ட ஒன்றை வாங்கியது. எந்த நிறுவனத்தின் கருவி, எந்தக் கடை என்பதெல்லாம் இங்கே வேண்டாம். பிராசஸரின் துடிப்பு வேகம் 3 கிகாஹெர்ட்ஸ் என்று மேலே ஒட்டியிருந்தது. காலையில் கோவிலில் நடந்த முகூர்த்தத்தைத் தொகுத்து, மாலை வரவேற்பிலேயே திரையில் ஓட்டிக் காட்டும் மோகம் அப்போதுதான் எங்கள் தொழிலில் பிடித்திருந்தது. (அதற்குத் தனிக் கட்டணம் கேட்டால் மட்டும் இன்றுவரை பலருக்கு முகம் மாறிவிடுகிறது.) அலுவலகத்தில் குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு சோதித்துப் பார்த்தபோது கருவி சொன்னபடியே வேலை செய்தது, எங்கள் பழைய மேசைக்கணினியைவிட வேகமாகவே ரெண்டர், அதாவது தொகுத்ததை ஒரே வீடியோவாக மாற்றும் வேலை, முடிந்தது.

வரவேற்பு ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் நடந்தது. ஏப்ரல் மாதம், காற்றே இல்லை, பக்கத்திலேயே பிரியாணி தேக்ஷாக்களும் சூடாறாமல் வரிசையாக இருந்தன. தொகுப்பு முடிந்து ரெண்டர் போட்டபோது, முடிய எவ்வளவு நேரம் என்று காட்டும் எண் குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டே போனது. கருவியின் பின்பக்கத் துளையிலிருந்து வந்த காற்று மேசைவிரிப்பைத் தூக்கியடித்தது. விசைப்பலகையின் மேல்வரிசையில் விரல் வைக்க முடியவில்லை. வேகம் குறைந்துவிட்டதோ என்று விண்டோஸில் போய்ப் பார்த்தால், அது சற்றும் கூசாமல் 3 கிகாஹெர்ட்ஸ் என்றே காட்டியது.

பெண்ணின் தாய்மாமன் வந்து நின்றார். “என்ன தம்பி, படம் ஓடுமா ஓடாதா? பொண்ணு மாப்பிள்ளை மேடை ஏறியாச்சு.”

“ஓடும் ஐயா, சூடு கொஞ்சம் தணியணும்.”

“அதுக்கும் ஒரு டம்ளர் மோர் குடுங்கப்பா” என்று அவருக்குப் பின்னால் நின்ற ஓர் அக்கா சொன்னதில் சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

மினிடிவி (MiniDV) வீடியோ கேசட் பெட்டிகள் இரண்டைக் கருவியின் பின்விளிம்புக்கு அடியில் கொடுத்துத் தூக்கி நிறுத்தினேன். விருந்தினருக்காக வாடகைக்கு எடுத்திருந்த பெரிய நின்ற விசிறி ஒன்றை இழுத்து வந்து நேராக அதன்மேல் திருப்பினேன். சில நிமிடங்களில் அந்த எண் இறங்கத் தொடங்கியது. கேக் வெட்டுவதற்கு முன் படம் ஓடியது. அந்த மேசைப் பக்கம் இருந்த விருந்தினர்கள் விசிறியில்லாமல் பிரியாணி சாப்பிட்டார்கள்.

அங்கே நடந்தது என்ன என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தத் தலைமுறைச் சில்லுகளில், வெப்பம் எல்லையைத் தொட்டவுடன் கடிகாரத் துடிப்புகளில் ஒரு பகுதியை விட்டுவிட்டு ஓடும் ஏற்பாடு உண்டு. துடிப்பின் வேகம் மாறுவதில்லை, ஆனால் பல துடிப்புகளில் வேலையே நடப்பதில்லை. அதனால்தான் எண் 3 ஆகவே நின்றது, வேலை பாதியாகக் குறைந்தது. கடையில் போய்ச் சொன்னபோது, கருவி பழுதில்லை, பாதுகாப்புக்காக அப்படித்தான் செய்யும் என்றார்கள். அது உண்மைதான். ஆனால் குளிர்ந்த அறையில்தான் அந்த 3 கிகாஹெர்ட்ஸ் என்பதை வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. விவரத்தாளில் எழுதவும் இல்லை. இருபது ஆண்டுகள் கழித்தும் பெரும்பாலான விவரத்தாள்களில் அந்த வரி இல்லை என்பதுதான் என் ஆற்றாமை.

இதே காலத்தில் இன்னொரு பக்கம் நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு அதைவிடப் பொருத்தமான முன்கதை கிடையாது. 2003 ஜூனில் ஆப்பிள் தன் பவர் மேக் ஜி5 மேசைக்கணினியை அறிவித்தது. அதிலிருந்த, ஐபிஎம் தயாரித்த ஜி5 சில்லு 12 மாதத்துக்குள் 3 கிகாஹெர்ட்ஸை எட்டும் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையிலேயே சொன்னார். அன்றிலிருந்து, அடுத்த மடிக்கணினியில் ஜி5 வரப்போகிறது என்ற பேச்சு ஓயவே இல்லை. அந்த மேசைக்கணினிக்குள் 9 விசிறிகள் இருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2004இல் 2.5 கிகாஹெர்ட்ஸ் மாதிரி வந்தபோது அதற்குத் திரவக் குளிர்ச்சி தேவைப்பட்டது. அதே ஆண்டில் ஐமேக்கின் ஒல்லியான பெட்டிக்குள் ஜி5 நுழைந்ததும், “அதில் முடிந்தால் மடிக்கணினியில் முடியாதா” என்று ஊகக்காரர்களுக்குப் புது உற்சாகம் பிறந்தது. 2005 ஜனவரியில், அப்போது ஆப்பிளின் மூத்த அதிகாரியாக இருந்த டிம் குக், ஜி5ஐ மடிக்கணினியில் வைப்பது வெப்பச் சவால்களுக்கெல்லாம் தாய் என்ற பொருளில் வெளிப்படையாகவே பேசினார். அதற்குப் பிறகும் பேச்சு நிற்கவில்லை. 2005 ஜூனில் ஜாப்ஸ் இன்டெல் சில்லுகளுக்கு மாறுவதாக அறிவித்தபோது, சொன்ன 3 கிகாஹெர்ட்ஸும் வரவில்லை, ஜி5 மடிக்கணினியும் வரவில்லை என்பதைத் தாமே ஒப்புக்கொண்டு, ஒரு வாட்டுக்கு எவ்வளவு வேலை என்ற கணக்கைத்தான் காரணமாகக் காட்டினார். எங்கள் தொழிலில் ஒருவர் அந்த ஜி5 மடிக்கணினிக்காக, மெதுவாகிப்போன தம் பழைய ஜி4 மடிக்கணினியை வைத்துக்கொண்டு கடைசிவரை ஒப்பேற்றினார். 2006 ஜனவரியில் அவர் கண்முன் வந்து நின்றது இன்டெலின் வேறு குடும்பத்துச் சில்லு.

அந்த வேறு குடும்பம் எங்கிருந்து வந்தது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. மேசைக்கணினிக்கான பென்டியம் 4 வரிசை 2004இல் 100 வாட்டைத் தாண்டிப் போய், அதன் அடுத்த வாரிசை இன்டெல் அந்த ஆண்டு மே மாதமே கைவிட்டது. இன்டெலின் இஸ்ரேல் குழு மடிக்கணினிக்கென்றே வடிவமைத்து 2003இல் வந்த பென்டியம் எம், 25 வாட்டுக்கும் குறைவாக எடுத்துக்கொண்டு, தன்னைவிடக் கிகாஹெர்ட்ஸ் கூடுதலான பென்டியம் 4களோடு மல்லுக்கு நின்றது. 2006இல் மேசைக்கணினிகளையும் கைப்பற்றிய கோர் 2 டுவோ அந்த வழியில் வந்ததுதான். மேசையிலிருந்து மடிக்கு இறங்கும் என்று எல்லாரும் ஊகித்துக்கொண்டிருந்தபோது, மடியிலிருந்து மேசைக்கு ஏறியது. 2020இல் ஆப்பிளின் எம்1 வந்தபோதும் இதே கதைதான்: கைப்பேசிச் சில்லுகளின் வழித்தோன்றல் விசிறியே இல்லாத மடிக்கணினியில் நுழைந்து, மறு ஆண்டு ஐமேக்கிலும் அமர்ந்தது.

சரி, இன்றைக்கு நிலைமை மாறவில்லையா என்று கேட்பீர்கள். மாறியிருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஏசஸ் 2017இல் இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் 8 கோர் (வேலை செய்யும் அலகு) கொண்ட ரைசன் 7 1700ஐ, அதாவது 65 வாட் மேசைக்கணினிச் சில்லையே, ஒரு மடிக்கணினியில் வைத்து விற்றது. 2022இல் இன்டெல் தன் மேசைக்கணினிச் சில்லை மடிக்கணினிக்கேற்ற உறையில் போட்டு ‘எச்எக்ஸ்’ என்று பெயரிட்டது. அதில் 16 கோர் கொண்ட மாதிரிக்கு அடிப்படைத் திறன் 55 வாட், உச்சம் 157 வாட். 2023இல் ஏஎம்டியும் ரைசன் 9 7945எச்எக்ஸில் அதையே செய்தது. மேசைக்கணினியில் 170 வாட் என்று குறிக்கப்படும் 7950எக்ஸின் அதே வகைச் சில்லுத் துண்டுகள்தான் அதிலும் இருக்கின்றன. ஆனால் மடிக்கணினியில் அதற்கு 55 முதல் 75 வாட் வரைதான் குறிக்கிறார்கள். இவ்வளவு குறைத்தும் வேகம் மோசமாக விழாததற்குக் காரணம் உண்டு. மின்செலவு வேகத்தோடு மட்டும் அன்றி மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் கூடுவதால், உச்சியில் இருக்கும் கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸுக்குத்தான் வாட்கள் கொட்டிப் போகின்றன. அந்த உச்சியை வெட்டிவிட்டால் மீதி மலிவாகவே கிடைக்கிறது.

ஆகவே உங்கள் ஊகச் செய்தி பலித்தாலும் நடக்கப்போவது இதுதான்: அதே சில்லு, குறைத்த வாட், வேறு பெயர். அதற்கு எத்தனை வாட் கொடுப்பது என்பதை மடிக்கணினித் தயாரிப்பாளர் தம் பெட்டியின் தடிமனைப் பார்த்து முடிவு செய்வார். ஒரே பெயர் கொண்ட பிராசஸர் ஒரு பெட்டியில் தொடர்ந்து 120 வாட்டிலும் இன்னொரு பெட்டியில் 60 வாட்டிலும் ஓடலாம். பெயரைப் பார்த்துக் காத்திருப்பவருக்கு இந்த வேறுபாடு கடைசிவரை கண்ணில் படாது.

நம் ஊருக்கென்று கூடுதலாக ஒன்று உண்டு. சில்லின் வெப்ப எல்லை 100 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 டிகிரி அறையில் சூடு வெளியேறுவதற்கு 76 டிகிரி இடைவெளி இருக்கிறது. பகல் நேரத்தில் குளிரூட்டி இல்லாத நம் அறையின் 32 டிகிரியில் அது 68 ஆகச் சுருங்குகிறது. வெளியேற்றக்கூடிய வாட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விட்டது. யூடியூபில் குளிர்நாட்டு விமர்சகர் காட்டும் எண்ணை அப்படியே ஈசூனுக்கும் தெம்பனிசுக்கும் பொருத்த முடியாது. பேட்டரிக் கதை இன்னும் சின்னது: விமானத்தில் தனி அனுமதியின்றிக் கொண்டுபோக 100 வாட்-மணிதான் எல்லை என்பதால் எந்தத் தயாரிப்பாளரும் அதைத் தாண்டுவதில்லை; 157 வாட் உச்சத்தில் அது முக்கால் மணி நேரத்துக்குக்கூடத் தாங்காது. விடுமுறைக்குத் திருச்சிக்குப் போகும்போது மடியில் வைத்துத் தொகுக்கலாம் என்ற கனவு இருந்தால் விட்டுவிடுங்கள்.

“மேசைக்கணினியே வாங்கித் தொலைக்க வேண்டியதுதானே” என்று பின்னூட்டத்தில் எழுதத் துடிப்பவர்களுக்கு: மூன்றறை வீட்டில் ஐந்து பேர் இருக்கும் குடும்பத்தில் அந்த மேசையை எங்கே போடுவது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கணினிக் கடைகள் உள்ள சிம் லிம் ஸ்குவேருக்கோ கண்காட்சிக்கோ போகிறீர்கள் என்றால், பிராசஸர் பெயரைக் கேட்டு முடித்த பிறகு, அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓடினால் அது எத்தனை வாட்டில் நிலைக்கிறது என்று கேளுங்கள். விற்பனையாளருக்குத் தெரிந்திருக்காது, தெரியாதது அவர் குற்றமும் அன்று. காட்சிக்கு வைத்திருக்கும் கருவியில் பிராசஸர் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் மென்பொருளை அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டிப் பார்க்க அனுமதித்தால், முதல் சுற்றின் மதிப்பெண்ணையும் கடைசிச் சுற்றின் மதிப்பெண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். அனுமதிக்காவிட்டால், அதே மாதிரியைச் சோதித்த விமர்சனங்களில் தொடர்சுமை அளவீட்டைத் தேடுங்கள். அறை வெப்பநிலையையும் குறிப்பிட்டிருந்தால் நல்லது. அடாப்டரையும் கையில் தூக்கிப் பாருங்கள். 330 வாட் அடாப்டர் ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும், கடையில் அதைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவே மாட்டார்கள்.