முதல் ஷோவுக்கு குதிரைய கூட்டிட்டு போறேன், எதுல இருந்து ஆரம்பிக்கிறது?

கேள்வி: இன்னும் மூணு வாரத்துல என்னோட முதல் ஷோ. முதல் நாள் டிரெஸ்ஸாஜ் (குதிரைய சொன்னபடி அசைவுகள் செய்ய வச்சு காட்டுற டெஸ்ட்), ராத்திரி அங்கேயே தங்கல், மறுநாள் சின்ன ஜம்பிங் கிளாஸ். டிரெய்லர்ல போக அஞ்சு மணி நேரம் ஆகும். லிஸ்ட் எழுத உக்காந்தா முடியவே மாட்டேங்குது, எதையாவது விட்டுருவேனோன்னு பயமா இருக்கு. என்னல்லாம் எடுத்து வைக்கணும்?

பதில்: லிஸ்ட்ட இப்போதைக்கு ஓரமா வைங்க. சேஃப்டி பின்ன மறந்துட்டா யார்கிட்டயாவது கேட்டு வாங்கிக்கலாம், ஆனா தண்ணி குடிக்க மாட்டேங்குற குதிரைய வச்சுக்கிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு யார்கிட்ட போய் நிப்பீங்க? அதனால முதல்ல குதிரையோட வயித்துக்கு பேக் பண்ணுங்க, அப்புறம் பேப்பர், கடைசியாதான் கோட்டும் பூட்ஸும்.

500 கிலோ குதிரை ஒரு நாளைக்கு 25 லிட்டர்ல இருந்து 50 லிட்டர் வரைக்கும் தண்ணி குடிக்கும், வெயிலும் வேலையும் கூடினா இன்னும் ஏறும். ஆனா ஊர் மாறினா தண்ணியோட வாசம் மாறிடும், நமக்கு தெரியாது, அதுக்கு நல்லாவே தெரியும். நான் கூட்டிட்டு போன ஒரு குதிரை சாயந்திரம் வரைக்கும் பக்கெட்ட மோந்து பாத்து மோந்து பாத்து மூஞ்சிய திருப்பிக்கிச்சு, மறுநாள் காலைல சாணி காஞ்சு குட்டி குட்டி உருண்டையா கெடக்கு, கோலிக்ங்குற ஆபத்தான வயித்து வலி வந்துருமோன்னு ரைடிங்க விட்டுட்டு டாக்டர் பின்னாடியே அலைஞ்சேன். அதுல இருந்து ஷோவுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே லாயத்து பக்கெட்ல கொஞ்சம் ஆப்பிள் ஜூஸ் கலந்து பழக்கிடுவேன், அங்க போயும் அதே ஜூஸ், அதே பக்கெட், அப்ப எந்த ஊர் தண்ணியும் அதுக்கு நம்ம வீட்டு தண்ணிதான். முதல் நாளைக்கு மட்டும் வீட்டு தண்ணியவே கேன்ல புடிச்சு எடுத்துட்டு போனா இன்னும் நல்லது. எவ்வளவு குடிச்சுதுன்னு கணக்கு பாருங்க. தானா ரொப்புற தொட்டி இருந்தாலும் பக்கெட்தான் வைங்க, தொட்டில அளவு தெரியாது.

புல்லும் அதே கதைதான். காய்ஞ்ச புல்லு ஒரு நாளைக்கு உடம்பு எடையில 1.5ல இருந்து 2 சதவீதம், அதாவது 500 கிலோ குதிரைக்கு 7.5ல இருந்து 10 கிலோ வரும். ரெண்டு நாள் ஷோன்னா மூணு நாளைக்கு எடுத்துட்டு போங்க, அங்க கிடைக்கும்னு நம்பி போகாதீங்க, ஏன்னா குதிரையோட குடல்ல இருக்குற நுண்ணுயிர்ங்க புதுத் தீவனத்துக்கு பழக ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும், திடீர்னு மாத்துனா வயித்துக்கு வம்பு. பயணத்தன்னைக்கு தானியத்த குறைச்சுட்டு புல்ல தாராளமா குடுங்க.

டிரெய்லர்ல தலைய மேல தூக்கினாப்புல இறுக்கிக் கட்டி வச்சுட்டு அஞ்சு மணி நேரம் ஓட்டாதீங்க, இத கொஞ்சம் மனசுல வாங்கிக்கோங்க. குதிரை தலைய கீழ போட்டாதான் மூச்சுக் குழாய்ல சேர்ற தூசியும் சளியும் வெளிய வரும், முடியலன்னா அது நுரையீரலுக்கு இறங்கி ஷிப்பிங் ஃபீவர்ங்குற நிமோனியா வரலாம், உயிருக்கே ஆபத்து. பாதி வழியில நிழலா பாத்து நிறுத்துங்க, இறக்க வேண்டாம், கயித்த தளர்த்தி தலைய கீழ போட விட்டு தண்ணி காட்டி ஒரு இருபது நிமிஷம் நில்லுங்க.

லாடம் அடிக்கிறது ஷோவுக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி முடிஞ்சிருக்கணும். முந்தின நாள் அடிச்சு, ஒரு ஆணி சதைக்கு பக்கத்துல போயிருந்தா ஷோ அன்னைக்குதான் நொண்டும்.

இப்ப பேப்பர். குதிரையோட பாஸ்போர்ட், தடுப்பூசி பக்கம், என்ட்ரி ரசீது எல்லாம் ஒரே கவர்ல போட்டு வண்டியோட முன்சீட்ல வைங்க, பெட்டிக்குள்ள வேண்டாம். தடுப்பூசி தேதிய இன்னைக்கே பாருங்க. எஃப்இஐ (சர்வதேச குதிரையேற்ற கூட்டமைப்பு) ஷோக்கள்ல இன்ஃபுளுயன்சா பூஸ்டர் போட்டு 6 மாசம் 21 நாளுக்கு மேல ஆகியிருக்கக் கூடாது, வந்து சேர்றதுக்கு முந்தின 7 நாளுக்குள்ள போட்டிருக்கவும் கூடாது. உங்க ஷோவுக்கு வேற ரூலா இருக்கலாம், அந்த ரூல் புக்க படிச்சுருங்க. அப்புறம் குதிரை மேல பூசுற களிம்பு, சப்ளிமென்ட் எல்லாத்தோட லேபிளையும் படிங்க. 2008 ஒலிம்பிக்ஸ்ல சில ஜம்பிங் குதிரைங்க உடம்புல கேப்சைசின் இருந்ததுன்னு வெளிய அனுப்புனாங்க, மிளகாய்ல காரம் குடுக்குற அதே பொருள்தான், வலி களிம்புலயும் இருக்கும்.

சேணத்த நல்லா வெளிச்சத்துல வச்சு கெர்த் பட்டை (சேணத்த வயித்தோட சேத்துக் கட்டுறது), அங்கவடி வார் தையல் எல்லாம் இழுத்து பாருங்க, ஒரு எக்ஸ்ட்ரா கெர்த்தும் புடிச்சு நடத்த தலைல மாட்டுற ஹால்டர் ஒண்ணு எக்ஸ்ட்ராவும் கட்டாயம். ரெண்டு கிளாஸும் வேற வேற ரூல்ங்குறத மறந்துராதீங்க, ஜம்பிங்ல போடுற லெக் பூட்ஸும் மார்ட்டிங்கேலும் (குதிரை தலைய ரொம்ப மேல தூக்காம இருக்க போடுற வார்) டிரெஸ்ஸாஜ் டெஸ்ட்ல பொதுவா ஆகாது, கடிவாளத்துல வாய்க்குள்ள போற பிட்டும் அனுமதி உள்ளதான்னு பாக்கணும். ஹெல்மெட் ஏற்கனவே ஒரு தடவ விழுந்து அடிபட்டதுன்னா வெளிய நல்லா தெரிஞ்சாலும் மாத்திடுங்க. ஷோவுக்குன்னு புதுசா வாங்குன எதையும் அன்னைக்கு முதல் தடவையா போடாதீங்க, உங்க பூட்ஸும் சரி குதிரைக்கு சேணத்தடியில போடுற பேடும் சரி.

பிடரிய முந்தின நாள் ஷாம்பு போட்டு அலசாதீங்க, வழுக்கும், பின்னல் நிக்காது. ரெண்டு மூணு நாள் முன்னாடியே முடிச்சுருங்க.

ஒரு தெர்மாமீட்டர் எடுத்துக்கோங்க. சும்மா இருக்குற வளந்த குதிரைக்கு 37.2ல இருந்து 38.3 டிகிரி செல்சியஸ் வரைக்கும் நார்மல், ஆனா உங்க குதிரையோட நார்மல் என்னன்னு இந்த வாரமே எழுதி வைங்க, அங்க காலையும் சாயந்திரமும் பாருங்க. 2021ல ஸ்பெயின்ல வலென்சியா ஷோவுல குதிரைங்களுக்கு வர்ற ஹெர்பிஸ் வைரஸ் பரவி குதிரைங்க செத்துப் போச்சு, ஐரோப்பாவுல பல வாரம் ஷோக்களயே நிறுத்துனாங்க. அதனால பக்கெட், பிரஷ், துணி எதையும் இரவல் வாங்காதீங்க, குடுக்காதீங்க, பொது பைப்போட முனைய உங்க பக்கெட் தண்ணிக்குள்ள முங்க விடாதீங்க, பக்கத்து குதிரையோட மூக்கோட மூக்கு உரச விடாதீங்க.

இப்ப லிஸ்ட்டுக்கு வருவோம். அடுத்த வாரம் ஒரு நாள் முழு ஒத்திகை பாருங்க: குதிரைய டிரெய்லர்ல ஏத்தி கொஞ்ச தூரம் போய் தெரியாத இடத்துல இறக்கி, பின்னி, கோட்டு வரைக்கும் மாட்டி, டெஸ்ட் ஓட்டி, மறுபடி ஏத்தி கொண்டு வாங்க. அன்னைக்கு கை நீட்டி எதத் தேடி அது இல்லாம போச்சோ அதெல்லாம் எழுதுங்க, அதான் உங்க லிஸ்ட். பேக் பண்ணும்போது இறங்குன உடனே தேவைப்படுறத கடைசியா ஏத்துங்க, பக்கெட், புல்லு வலை, சாணி அள்ளுற முள்ளு. போய் சேர்ந்ததும் சேணத்த தொடவே தொடாதீங்க, ஸ்டாலுக்குள்ள ஆணி கீணி நீட்டிட்டு இருக்கான்னு கையால தடவி பாத்துட்டு, தண்ணி வச்சுட்டு, புடிச்சு நடத்தி இடத்த சுத்திக் காட்டுங்க. தூங்கப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவ பக்கெட்ல எவ்வளவு இறங்கியிருக்குன்னு எட்டிப் பாருங்க.